காந்தம் தள்ளும் நேர்வழி

சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையின் அரைவைக் காலத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்பதைக் காண்பவர்கள், உள்ளே அந்தக் கரும்பு உருளைகளை நோக்கி நேராக ஊர்ந்து செல்வதற்காக எத்தனை பல்சக்கரங்களும் சங்கிலிகளும் சுழல வேண்டியிருக்கிறது என்பதை யோசித்துப் பார்ப்பதில்லை. மோட்டார் சுழல்வதற்கென்றே பிறந்த சாதனம். மனிதனுடைய காரியங்களிலோ பெரும்பகுதி, ஒரு பொருளை இங்கிருந்து அங்கே நேராக நகர்த்துவதாக இருக்கிறது. ஆகையால் சுழற்சியை நேர் இயக்கமாக மாற்றித் தரும் சங்கிலி, திருகு, பெல்ட் முதலிய தரகர்களுக்கு யந்திர உலகில் நெடுங்காலமாக ஓயாத உத்தியோகம் கிடைத்து வருகிறது. இந்தத் தரகர்களை விலக்கிவிட்டுக் காந்த சக்தியைக் கொண்டே ஒரு பொருளை நேராகத் தள்ள முடியாதா என்ற கேள்விக்கு, முடியும் என்ற விடை கிடைத்துப் பல காலமாகிறது. அந்த விடையை நாம் எந்தக் காரியத்துக்குப் பயன்படுத்த விரும்புகிறோம் என்பதில்தான் எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு.

நமக்குப் பழக்கமான இண்டக்‌ஷன் மோட்டாரின் கூட்டில் உள்ள செப்புச் சுருள்களில் மின்சாரம் முறை மாற்றிப் பாயும்போது, ஒரு காந்தப் புலம் உள்ளே சுற்றி வருகிறது. அது நடுவிலுள்ள உருளையில் மின்னோட்டத்தைத் தூண்டி, உருளையையும் தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது. அந்தக் கூட்டை ஒரு பக்கம் வெட்டி நீளவாட்டில் விரித்துவிட்டால், சுற்றிவந்த புலம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடும் புலமாகிவிடும். உருளைக்குப் பதில் ஓர் அலுமினியத் தகட்டை வைத்தால் தகடு நேராக ஓடும். தகட்டைத் தரையோடு பொருத்திவிட்டால் சுருள்கள் ஓடும். தள்ளுவதும் தள்ளப்படுவதும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

நேர் மோட்டார் எனப்படும் இக்கருவியைச் சென்ற நூற்றாண்டில் பிரபலமாக்கிய எரிக் லெயித்வெயிட் என்ற ஆங்கிலப் பேராசிரியர், மான்செஸ்டர் சர்வகலாசாலையில் இதில் முதன்முதல் நாட்டம் கொண்டதற்குக் காரணம் ரயிலன்று, தறி. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை ஒரு பக்கத்திலிருந்து அடித்து அனுப்புவதும், மறுபக்கத்தில் தடுத்து நிறுத்துவதும், மறுபடி அடித்து அனுப்புவதுமாகவே தறியின் ஆயுள் கழிகிறது என்பதையும், ஒவ்வோர் அடியிலும் எவ்வளவு சக்தி வெறும் சத்தமாகவும் உஷ்ணமாகவும் வீணாகிறது என்பதையும் புவனகிரியிலும் குறிஞ்சிப்பாடியிலும் நெசவு செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடும் காந்தப் புலம் அதே நாடாவை அடியின்றித் தள்ளவும், இடியின்றி நிறுத்தவும் கூடும் என்று அவர் கருதினார். ஆனால் நாடாவை எப்படித் தள்ளுவது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, தறி செய்பவர்கள் நாடாவையே நீக்கிவிட்டு, ஊடை நூலைக் காற்றைப் பீய்ச்சியும் கம்பியால் பற்றி இழுத்தும் செலுத்தும் வழியை நாடிவிட்டார்கள். பேராசிரியர் பின்னர் ரயிலுக்குத் திரும்பினார். அவருடைய மோட்டாரைக் கொண்டு காற்று மெத்தையின்மேல் ஓடவிருந்த வண்டியையும் பிரிட்டிஷ் சர்க்கார் 1973இல் கைவிட்டது.

தறியில் நிலைக்காத கருவி, அதிக ஆரவாரமின்றி வேறிடத்தில் நிலைத்தது. கோலாலம்பூரில் தமிழர் மிகுந்த பிரிக்ஃபீல்ட்ஸை அடுத்துள்ள கே.எல். சென்ட்ரலிலிருந்து கெலானா ஜெயா ரயிலில் வேலைக்குப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர், தண்டவாளங்களுக்கு நடுவே நீளப் பதித்திருக்கும் தகட்டைக் கவனித்திருப்பார்களோ அறியேன். 1998 முதல் அந்த வண்டிகளைத் தள்ளுவது சக்கரமன்று, வண்டியின் அடியிலுள்ள சுருள்களுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவே ஓடும் காந்தப் புலம். சக்கரத்துக்குப் பாரம் சுமப்பது மட்டுமே வேலை. சக்கரத்தின் பிடிப்பை நம்பியிராததால், மழையில் நனைந்த பாதையிலும் ஏற்றத்திலும் வண்டி வழுக்குவதில்லை. தகட்டுக்கும் சுருளுக்கும் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டாக வேண்டியிருப்பதால், சுழலும் மோட்டாரைவிடச் சற்று அதிகமாகவே மின்சாரம் செலவாகிறது என்பது உண்மை. அதைத் தெரிந்துதான் அந்நகரத்தார் ஏற்றுக்கொண்டார்கள்.

நம்மிடத்திலோ காந்தம் என்றவுடன் வேகம் என்ற ஒரே எண்ணம் வந்து நிற்கிறது. ஜப்பானில் காந்த ரயில் 2015இல் மணிக்கு 603 கிலோமீட்டர் ஓடிக் காட்டியதையும், ஷாங்காயில் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு அத்தகைய வண்டி பிரயாணிகளை ஏற்றிச் செல்வதையும் படித்து வியந்த நாம், ரயில்வே அமைச்சகத்தின் நிதியுதவியோடு சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் காற்றை அகற்றி உள்ளே வண்டியைச் செலுத்துவதற்கான, 400 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஹைப்பர்லூப் குழாய் நிர்மாணிக்கப்பட்டதும், நாளையே மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கப்போவதாகப் பேசத் தொடங்கிவிட்டோம். அந்த மாணவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காற்றை அகற்றிய குழாயை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கசிவின்றிக் காப்பது காந்தத்தின் பிரச்சினையே அன்று. சாமானிய ரயில் பாதையே எட்டிப் பார்க்காத சேத்தியாத்தோப்பில் நின்றுகொண்டு யோசிக்கையில், அந்தப் பேச்சில் பாதி வேடிக்கையாகவே படுகிறது.

காந்தம் நேராகத் தள்ளும் காரியங்களில் நமக்குப் பிரயோஜனமானவை சிறியவை. திருவிழாப் பந்தலில் முழங்கும் ஒலிபெருக்கியின் கூம்பை முன்னும் பின்னும் ஆட்டுவது, காந்தத்தின் நடுவே தொங்கும் ஒரு கம்பிச் சுருள். காவிரிக் கடைமடை நெல்லை அரைக்கும் நவீன அரிசி ஆலைகளில், நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டரில், அரிசி வழிந்து வரும் தட்டை அதிரச் செய்வதும் மின்காந்தம். பழுப்பேறிய அரிசி ஒன்று கருவியின் கண்ணுக்கு அகப்பட்டவுடன், இமைக்கும் நேரத்தினும் குறைந்த நேரத்தில் வால்வைத் திறந்து காற்றைப் பீய்ச்சி அதை மட்டும் ஒதுக்குவதும் மின்காந்தம். எல்லா இடத்திலும் அதுவே நல்லது என்றும் நான் வாதிக்கவில்லை: வீராணம் ஏரியின் மதகுக் கதவைத் திருகு கொண்டு உயர்த்தினால், உயர்த்திய இடத்தில் அது தானே நிற்கிறது, காந்தத்தால் உயர்த்தினால், நிற்கும் நேரமெல்லாம் மின்சாரத்தைத் தின்னும். அங்கே பழைய திருகே உத்தமம்.

காந்தத்துக்கு அந்நியரை அண்டியிருக்க வேண்டுமே என்று கவலைப்படுவோர் உண்டு; 2025 ஏப்ரலில் அருமண் (ரேர் எர்த்) காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்த பிறகு அந்தக் கவலை நியாயமானதே. மணவாளக்குறிச்சி மணலிலிருந்து அருமண் எடுப்பதா, கூடாதா என்பது தனி வழக்கு. ஆனால் கோலாலம்பூர் ரயிலின் இண்டக்‌ஷன் முறைக்கு நிலைக் காந்தமே வேண்டியதில்லை. செம்பும் அலுமினியமும் இரும்பும் போதும். மோட்டாருக்குச் சுருள் கட்டத் தெரிந்த கைகள் சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் இருக்கின்றன.

1929இல் தோன்றி, 1945 முதல் பொறியியலும் போதித்து வரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. தையூருக்குப் பணம் தருகிற சர்க்கார், அதில் ஒரு சிறு பகுதியை அண்ணாமலைநகருக்கு அனுப்பி, அரிசி ஆலையின் வால்வையும், ஆலைகளுக்குள் பண்டம் நகர்த்தும் நேர் மோட்டாரையும் இந்த வட்டாரத்துப் பட்டறைகளே செய்யவும் பழுது பார்க்கவும் வழி காணும்படி கேட்க வேண்டும். சர்க்கார் கேட்கத் தாமதித்தால், சிதம்பரத்து ஆலைக்காரர்களாவது முதலில் போய்க் கேட்கட்டும்.