கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். இக்காலத்தில் "கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து பார்" என்பதையும் அதோடு சேர்த்துக் கொள்ளலாம். மூன்றிலும் கைப்பணம் கரைகிறது. மூன்றிலும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மூன்றிலும் கடைசி நேரத்தில் ஏதோ ஒன்று குறைகிறது!

நம் இளைஞர்கள் இம்முயற்சியில் இறங்குவதை நாம் குறை கூற மாட்டோம். 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை, வெளியார் தயாரித்த பாகங்களைக் கொண்டு அமைத்து, அதன் விவரங்களையும் வெளியிட்டது. 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. ஒருவர் செய்த மதர்போர்டு மற்றொருவர் செய்த கேபினட்டில் பொருந்துவது எளிதாயிற்று. திருப்புளியும் பொறுமையும் இருந்தால் போதும் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

திருப்புளி எல்லாரிடமும் இருக்கிறது. பொறுமைதான் இருப்பதில்லை! பிராசசரைக் குளிர்விக்கும் கருவியின் அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டுகிறவர்கள் உண்டு. பிராசசருக்கென்று தனியாக வரும் மின்சாரக் கேபிளை மறந்துவிட்டு, "போர்டே கெட்டுப் போயிற்று" என்று கடைக்காரருடன் வாதாடுகிறவர்கள் உண்டு. கிராபிக்ஸ் கார்டை விலை கொடுத்து வாங்கி மாட்டிவிட்டு, மானிட்டரை மதர்போர்டில் சொருகியவர்களும் உண்டு. இவையெல்லாம் சிரித்து மறக்க வேண்டிய தவறுகள்.

சிரிக்க முடியாத தவறும் ஒன்று உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பையன் பழைய பவர் சப்ளையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பழைய கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே புதியதில் சொருகினான். அது கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் கருகல் நாற்றம் வந்தது. பத்து வருஷத்துக் குடும்பப் படங்கள், காலமான தாத்தாவின் கடைசிப் பொங்கல் உட்பட, அதோடு போயின.

பையன் செய்த பிழை என்ன? கேபிளின் ஹார்ட் டிஸ்க் முனைக்குப் பொது விதி உண்டு. பவர் சப்ளையில் சொருகும் முனைக்கு அப்படி ஒரு பொது விதி இல்லை. எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. ஆனால் சொருகும் வடிவம் மட்டும் பல சமயம் ஒன்றாகவே இருந்து தொலைக்கிறது! 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் என்ன செய்யும்?

மற்றப் பாகங்களுக்கெல்லாம் கூடிப் பேசிப் பொது அளவு வகுத்த தொழிலதிபர்கள் இந்த ஒரு முனைக்கும் வகுக்கலாகாதா? அதுவரை, "வேறு பவர் சப்ளையின் கேபிளைச் சொருகாதீர்" என்று கேபிளின் மீதே பெரிய எழுத்தில் அச்சிடட்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பவர் சப்ளையோடு அதன் கேபிள்களையும் கழற்றி ஒதுக்குங்கள். பெட்டியைத் திறக்குமுன் படங்களுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எரிந்த போர்டைக் கடையில் மறுபடி வாங்கலாம். தாத்தாவின் பொங்கலை எந்தக் கடையில் வாங்குவது?