ஸ்பிதிக்குப் பத்து நாள் ஒதுக்குங்கள்

இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் - ஸ்பிதி மாவட்டம் 13,841 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 31,564 பேர். அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இருவர். கோடை பிறந்ததும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அணிவகுத்து ஏறுவது அத்தகைய நிலத்துக்குத்தான். அடுத்த விடுமுறைக்கு ஸ்பிதிப் பள்ளத்தாக்கை எண்ணியிருக்கும் வாசகர்கள் நம்மிடையே பலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு எம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். பத்து நாள் ஒதுக்க இயலுமானால் செல்லுங்கள். நான்கே நாள்தான் கிடைக்கும் என்றால் இவ்வாண்டு வேறிடம் செல்லுங்கள், ஸ்பிதி காத்திருக்கும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். முதற்காரணம் நம் உடல். கடல்மட்டத்தையொட்டிய ஊர்களில் வாழும் நமக்கு உயரம் பழக்கமில்லை. ஸ்பிதியின் தலைமையிடமான காஸா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணாலியிலிருந்து ஒரே நாளில் காஸாவை அடைந்துவிடலாம் என்பது உண்மைதான். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை அவ்வழியை மேலும் எளிதாக்கிவிட்டது. ஆனால் சுமார் 2,050 மீட்டரில் உறங்கி எழுந்தவர், 4,500 மீட்டருக்கும் மேலான குன்ஸும் கணவாயைக் கடந்து, அன்றிரவே 3,650 மீட்டரில் படுக்கிறார். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதே பாதுகாப்பு என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. அதை மீறுவோருக்குத் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் வரலாம். சிலருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெரிய மருத்துவமனை பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் இடத்தில் இது விளையாட்டன்று.

சிம்லா வழி நீளமானது; ஆனால் உடலுக்கு இணக்கமானது. சுமார் 2,200 மீட்டரில் உள்ள சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றையொட்டிக் கின்னவுருக்குள் நுழைந்து, 2,900 மீட்டரையொட்டிய கல்பாவில் ஓரிரு இரவுகள் தங்கி, அதன்பின் 3,280 மீட்டரில் உள்ள தாபோவுக்கும், இறுதியாகக் காஸாவுக்கும் செல்லலாம். படிப்படியாக உயரும் இந்த வழியில் உடல் தானாகவே பழகிக்கொள்ளும். மூச்சுத்திணறல், இருதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எவ்வழியாயினும் மருத்துவரைக் கேட்ட பின்னரே கிளம்ப வேண்டும்.

இரண்டாவது காரணம் தாபோவிலேயே கண்முன் நிற்கிறது. மேற்குத் திபெத்தில் பரவியிருந்த கூகே அரசின் மன்னர் யேஷே ஓ, கி.பி. 996-இல் இம்மடாலயத்தை நிறுவினார். வடமொழி நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுசென்ற மாபெரும் மொழிபெயர்ப்பாளர் ரின்சென் ஸாங்போவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இடம் இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தாழ்ந்த மண் கட்டடங்களின் தொகுதி, ஏமாற்றமாகக்கூட இருக்கும். உள்ளே நுழைந்தால், இருள் பழகிய பின், சுவர்களிலிருந்து வெளிவரும் முப்பதுக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள் வழிபடுவோரைச் சூழ்ந்து நிற்கின்றன. நடுவில் வைரோசனர் அமர்ந்திருக்க, மண்டபம் முழுவதுமே ஒரு மண்டலமாக, அதாவது புத்தர்களும் போதிசத்துவர்களும் தத்தம் இடத்தில் அமைந்த ஒரு பேரண்டமாக, வகுக்கப்பட்டிருக்கிறது. அங்கு நிற்பவர் அந்த மண்டலத்தின் உள்ளேயே நிற்கிறார். சுவர்களின் ஓவியங்களில் காஷ்மீரத்துக் கைவண்ணத்தின் சாயலை அறிஞர்கள் கண்டுள்ளனர்.

இதைக் காண இருபது நிமிடம் போதுமா? கண் இருட்டுக்குப் பழகவே பாதி நேரம் கழிந்துவிடும். உள்ளே படமெடுக்கத் தடை இருப்பதும் நன்மைக்கே. ஆயிரம் ஆண்டு பழைய வண்ணங்களுக்கு மின்வெட்டொளி ஆகாது; கூட்டமாக நுழைவோரின் மூச்சிலுள்ள ஈரம்கூட ஆகாது. 1975-ஆம் ஆண்டு கின்னவுர் நிலநடுக்கத்தில் சேதமுற்றும் நிலைத்து நிற்கும் மண்சுவர்கள் அவை. மழை அரிதான நிலத்துக்கென்று கட்டப்பட்ட அக்கூரைகள் பெருமழையைத் தாங்க மாட்டா. ஸ்பிதி, பின் ஆறுகள் கூடுமிடத்துக்கு மேலே, கரையும் மண்குன்றின் விளிம்பில் நிற்கும் தங்கர் மடாலயம், 2006-இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்திலுள்ள நூறு இடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய இடங்களுக்கு ஒரே நேரத்தில் வரும் நூறு பேரைவிட, நாள் முழுதும் பரவி வரும் நூறு பேர் குறைந்த சுமை.

மடாலயங்களை ஒன்றையொன்று ஒத்தவை என்று எண்ணுவதும் அவசரத்தின் விளைவே. 4,100 மீட்டருக்கு மேல் குன்றின்மீது அடுக்கடுக்காக எழும் கீ மடாலயம் கெலுக் மரபைச் சேர்ந்தது. கோமிக் கிராமத்தின் தங்யூத் மடாலயம் சாக்ய மரபினது. பின் பள்ளத்தாக்கின் குங்ரி மடாலயம் மிகப் பழைய நிங்மா மரபினது. ஒரு சிறு பள்ளத்தாக்கில் மூன்று மரபுகள் அருகருகே வாழ்ந்து வருகின்றன. இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்ல அங்குள்ள துறவியர் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கின்றனர். கேட்க நமக்கு நேரம் இருக்க வேண்டும். காலை வழிபாட்டின்போது ஓரமாக அமர்ந்திருக்க அனுமதி பெறலாம். மணிக்கற்களையும் சோர்த்தன்களையும் வலமாகச் சுற்றிக் கடப்பது மரபு. கோயில் பிராகாரத்தை வலம்வரும் நமக்கு அதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் பணம். வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் அதைப் பற்றி வெளிப்படையாகவே பேசலாம். நான்கு நாள் சுற்றுலாவில் நாம் செலவிடும் தொகையில் பெரும்பங்கு எங்கே போகிறது? எரிபொருளுக்கும், வெளியூர் வாகனத்துக்கும், வெளியூர் முகவருக்கும். பள்ளத்தாக்கில் தங்குவது ஓரிரவோ ஈரிரவோ மட்டுமே. பத்து நாள் பயணத்தில் கணக்கு மாறுகிறது. லாங்ஸா, கிப்பர், கோமிக், தேமுல் போன்ற ஊர்களில் குடும்பங்கள் தம் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கின்றன. அங்கு நாம் தரும் வாடகையும் உணவுக்கான தொகையும் நேரே அவ்வீட்டுக்குச் செல்கின்றன. பார்லியும் பட்டாணியும் விளையும் குறுகிய கோடையும், சாலைகள் பனியில் மூடிக்கிடக்கும் நெடிய குளிர்காலமும் கொண்ட ஊரில், கோடை வருமானம்தான் பிள்ளைகளின் கல்விக்கும் குளிர்காலச் செலவுக்கும் ஈடுகொடுக்கிறது.

தண்ணீரும் இதே கணக்கில் வரும். ஸ்பிதி மழைமறைவு நிலம், குளிர்ப்பாலைவனம். பனி உருகிவரும் நீரைச் சிறு வாய்க்கால்களில் இறக்கித்தான் வயலுக்குப் பாய்ச்சுகின்றனர். அவ்வூர் வீடுகளின் உலர் கழிப்பறை தண்ணீர் கேட்பதில்லை. அதில் சேர்வது வயலுக்கு உரமாகிறது. அதைக் கண்டு முகஞ்சுளிக்கும் நாம், நாளிருமுறை வெந்நீர்க் குளியலும் பீச்சுநீர்க் கழிப்பறையும் உள்ள விடுதியை நாடினால், அந்நீர் யாருடைய வயலுக்குரியது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேமிப்பின் பொருளை அறிந்தவர்கள் கிப்பரில் கற்றுக்கொள்ளவும் ஒன்று உண்டு. அங்கு பனிச்சிறுத்தைகள் உலவுகின்றன. யாக், குதிரை, ஆடு முதலியவற்றை அவ்வப்போது கொன்றுவிடுகின்றன. இழப்பைச் சமாளிக்க, வனப் பாதுகாப்பு அமைப்பொன்றின் துணையோடு கிராமத்தாரே ஒரு கால்நடைக் காப்பீட்டு நிதியை நடத்தி வருகின்றனர். உரிமையாளர் சந்தா செலுத்துகிறார். இழப்பு நேர்ந்தால் ஊரார் ஆராய்ந்து ஈட்டுத்தொகை வழங்குகின்றனர். பழிவாங்கும் வேட்டைக்குத் தேவை குறைகிறது. சிறு தொகைகள் ஒன்றுசேர்ந்து ஓர் உயிரினத்தையும் ஒரு குடும்பத்தையும் ஒருங்கே காக்கும் ஏற்பாடு இது.

நம் கருத்துக்கு மறுப்பும் உண்டு. பத்து நாள் விடுப்பு எல்லோருக்கும் வாய்க்குமா, இது வசதியுள்ளோருக்கான அறிவுரையன்றோ என்று கேட்போர் இருப்பர். கேள்வி நியாயமானது. ஆயினும் நாள் கூடினால் செலவும் அதே விகிதத்தில் கூடும் என்பதில்லை. ரெக்காங் பியோவிலிருந்து காஸாவுக்கு அரசுப் பேருந்து செல்கிறது. அதில் ஏறினால் தனி வாகன வாடகை இல்லை. கிராமத்து வீட்டில் தங்குவது விடுதியைவிடப் பெரும்பாலும் மலிவு. ஆண்டுதோறும் ஓர் அவசரப் பயணத்துக்குச் செலவிடுவதை ஈராண்டு சேர்த்துவைத்தால், ஒரு நிதானமான பயணத்துக்கு அது போதுமானதாகலாம். தொடர் வைப்பு போடும் பழக்கமுள்ளவர்க்கு இது புதிதன்று.

யாரும் போகாமலிருப்பதே பள்ளத்தாக்குக்கு நல்லது என்பாரும் உளர். அதையும் நாம் ஏற்கவில்லை. அறைகளைக் கட்டி, அடுப்பை மூட்டி, விருந்தினருக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை மறந்த வாதம் அது. வருவோரின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவர்கள் வரும் வேகமே அங்கு பெருஞ்சுமை.

கிளம்புமுன் சில ஏற்பாடுகள் தேவை. குன்ஸும் கணவாய் குளிர்காலத்தில் மூடப்படும். பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலான மாதங்களே அவ்வழிக்கு உகந்தவை. காஸாவில் வங்கியும் ஏ.டி.எம்-மும் உண்டு, ஆனால் மின்சாரமோ தொடர்போ அறுந்தால் பணம் கிடைக்காது. கியூ கிராமத்தைக் கைப்பேசி இணைப்பு முதன்முதலாக எட்டியதே 2024-இல்தான். ஆகவே யூ.பி.ஐ-யை மட்டும் நம்பாமல், முழுப் பயணத்துக்கும் வேண்டிய தொகையைச் சிறு நோட்டுகளாகச் சமவெளியிலேயே எடுத்துச் செல்லுங்கள். லாங்ஸாவின் மலைச்சரிவில் பண்டைக் கடலின் உயிர்கள் கல்லாகிக் கிடக்கும். அவற்றைப் பாருங்கள், எடுத்து வராதீர்கள், விலைகொடுத்தும் வாங்காதீர்கள். ஹிக்கிமில், 4,400 மீட்டரையொட்டி, உலகின் மிக உயரமான அஞ்சலகங்களுள் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். அது வந்துசேரப் பல நாள் ஆகலாம். அந்தப் பள்ளத்தாக்கின் நடை அதுதான், நம் பயணமும் அந்நடைக்கு இசையட்டும்.