மீன் தொட்டிக்கு எந்தக் கண்ணாடி?

அலங்கார மீனுக்குப் பெயர் பெற்ற சென்னைக் கொளத்தூர் நம் திருப்பாச்சூருக்கு எட்டாத தொலைவன்று. வாங்கி வரும் மீனுக்கு அளவு சொல்லித் தொட்டி செய்யும்போது, "டஃப்பன்ட் கண்ணாடி போடுங்கள், உடையவே உடையாது" என்று எவரேனும் யோசனை சொல்லிவிடுகின்றனர். தாய்மார்கள் இதைச் சற்று நிதானித்துக் கேட்பது நல்லது.

ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் செயின்ட் கோபைன் ஆலை போன்றவற்றில், உருக்கிய கண்ணாடியைத் தகடாக்கி மெல்ல மெல்ல ஆற வைக்கின்றனர். இதுவே சாதாரணக் கண்ணாடி. அதனை மறுபடியும் சுமார் 620 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சி விரைவாகக் குளிர்வித்தால் டஃப்பன்ட் ஆகிவிடும். மேற்பரப்பு முதலில் இறுகுகிறது. உட்புறம் பின்னர் சுருங்கி அதனை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே சுமார் நான்கு மடங்கு பலம். மறுப்பதற்கில்லை.

ஆயின் அந்த இழுவிசை கண்ணாடி முழுவதும் நிறைந்திருப்பதால், விளிம்பில் ஓர் அடி பட்டாலும் தகடு முழுவதும் ஒரே நொடியில் பொடிப்பொடியாக நொறுங்கும். உள்ளே நிக்கல் சல்ஃபைடு துகள் சிக்கியிருந்தால் பல ஆண்டுகள் கழித்து, எவரும் தொடாமலே வெடிப்பதும் உண்டு. நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 250 லிட்டர், அதாவது 250 கிலோ தண்ணீர்! பிள்ளைகள் விளையாடும் கூடத்தில் அத்தனையும் ஒருசேரக் கொட்டும். பக்கத்தில் மின்சாரப் பலகை இருந்தால் கேட்கவே வேண்டாம். சாதாரணக் கண்ணாடியோ பெரும்பாலும் கீறல் விட்டுக் கசியும். வாளி தேட அவகாசம் கிடைக்கும். அதன் சில்லு கூரியது என்பதும் உண்மையே. எனினும் வீட்டுத் தொட்டியின் பக்கங்களுக்குத் தகுந்த கனமுள்ள சாதாரணக் கண்ணாடியே ஏற்றது என்பது என் கருத்து. கனத்தைத் தீர்மானிப்பதில் நீர்மட்டத்தின் உயரத்துக்கே முதலிடம். ஏனெனில் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய கடைக்கதவு, பஸ் ஜன்னல் கண்ணாடிகளை வாங்கிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் டஃப்பன்ட். வெட்டவோ துளையிடவோ முயன்றால் கையிலேயே நொறுங்கும். ஐயமிருந்தால், வெள்ளை ஒளி காட்டும் கணிப்பொறித் திரையின் முன் கண்ணாடியைப் பிடித்து, போலராய்டு குளிர்க்கண்ணாடி வழியே பாருங்கள். டஃப்பன்ட் எனில் கருந்திட்டுகளோ பட்டைகளோ தெரியும்.

ஒட்டும் சிலிக்கான் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலவாததாக இருக்கட்டும். குளியலறைக்கென விற்பது மீனுக்கு ஆகாது. பசை நன்கு காய்ந்தபின், தொட்டியை முதலில் முற்றத்தில் வைத்து, இரண்டு நாள் நீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். நீரை வடித்துவிட்டே கூடத்துக்குத் தூக்க வேண்டும்.