இரவற் கருவி

இவ்வாண்டு நம் மாணாக்கர் சிலர் ஒன்றுகூடி, ஒரு சனிக்கிழமை ஜியோகேஷிங் என்னும் விளையாட்டிற்குச் செல்ல எண்ணினர். அஃதாவது, ஒருவர் சிறு பெட்டியொன்றை ஓரிடத்தில் ஒளித்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை மட்டும் அறிவிப்பார், ஏனையோர் ஜி.பி.எஸ். கருவியின் துணைகொண்டு அதனைத் தேடிக் கண்டு, உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, இருந்தபடியே வைத்து மீள்வர். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், செயற்கைக் கோள்களின் குறிகளில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசினர் நீக்கினர். இரண்டொரு நாளில் அந்நாட்டு ஆரிகன் மாகாணத்தில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டில் மறைத்து வைத்தார். அதுவே இவ்விளையாட்டின் பிறப்பு.

எண்ணம் நன்றே. ஆயின் முப்பது பேருக்குக் கருவிக்கு எங்கே போவது? விலை கேட்டு வந்தோர் முகம் வாடினர். ஆளுக்கு இவ்வளவென்று பணம் திரட்டலாமென ஒருவர் கூறவே, வேறு வேலை உண்டென்று சிலர் மெல்ல நழுவினர். அவ்வேலை யாதென்பதை நாம் அறிவோம்.

பணமுள்ளார் மட்டும் போய்வரும் உலா நமக்கு வேண்டுவதன்று. கருவி வாங்கவும் வேண்டுவதில்லை. இரவல் பெறுதலே தகும் என்பது எம் கருத்து. இரவலென்றால் இழிவென்று கருதுவோர் பறங்கிமலையை நினைக்க. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் அம்மலையருகே தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் நோக்கி ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கலானார். பிற்காலத்தில் இமயம் வரை சென்ற பெரிய முக்கோண அளவையின் தொடக்கம் அதுவே. அவர் பிடித்த நூறடி எஃகுச் சங்கிலியோ சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டு போகப்பட்டு, ஏற்கப்படாது, கைமாறி வந்து சேர்ந்த பழம்பொருள்! பிறர் கைப்பொருள் கொண்டு ஒரு தேசத்தையே அளக்கலாமெனில், ஒரு பெட்டியைத் தேடலாகாதோ?

முதற்கண், கைபேசியை நினைவு கூர்க. அதனுள்ளும் அதே வாங்கி உண்டு. கோள்களின் குறிக்குக் கட்டணமில்லை, இணையமும் வேண்டுவதில்லை. வரைபடத்தை மட்டும் முன்னரே இறக்கி வைத்துக்கொண்டாற் போதும். எனினும் வெயிலில் அதன் திரை மங்கும், மின்கலமும் விரைவில் வடியும். கையடக்கக் கருவியோ பெட்டிக்கடையில் விற்கும் இரண்டு பாட்டரிக் கட்டைகளைப் போட்டால் மீண்டும் உயிர் பெறும். ஆகவே நால்வருக்கு ஒரு கருவி சாலும். ஒருவர் கருவியைப் பார்க்க, ஒருவர் வழி பார்க்க, ஒருவர் எழுத, நான்காமவர் தின்பண்டம் சுமப்பார், அவரே முக்கியமானவர்.

களப்பணி செய்யும் பகுதியாரிடமும், நில அளவை, வனவிலங்கு ஆராய்ச்சி முதலிய தொழில்களிற் புகுந்த பழைய மாணவரிடமும் கேட்டால், அலமாரியில் உறங்கும் கருவி இரண்டு மூன்று கிடைத்தற்கரியதன்று. அவற்றை நூலகத்தில் நூல்களோடு பதிந்து வழங்குக. இங்கே ஒன்று வற்புறுத்துவோம்: ஈட்டுப்பணம் தனியொருவர் தலையில் விழலாகாது. கருவி உடைந்தால் என் செய்வதென்ற அச்சமே ஏழை மாணவனை முதலில் விலக்குவது. குழுவினர் நால்வரும் ஒப்பமிட்டு, இழப்பைப் பங்கிட்டுக்கொள்க. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை மட்டும் எவர் தரினும் வாங்கற்க. அனுமதியின்றி அவற்றை வைத்திருத்தல் நம் நாட்டில் குற்றமாகும்.

பெற்றவுடன் முன்னவர் செய்துவைத்த அமைப்புகளை நோக்குக. இவ்விளையாட்டில் கலைகளைத் தசமப் பின்னமாக எழுதுவர். 55.500 கலை என்பதை 55 கலை 50 விகலை எனப் படித்துவிட்டால், 600 மீட்டருக்கு மேல் அயலே நின்று, பெட்டியில்லையென்று ஒளித்தவரை வைவீர்கள்.

முதல் உலாவிற்கு லாம்டனின் கோட்டையே பரிந்துரைப்போம். தாம்பரத்தில் மின்ரயிலேறிப் பறங்கிமலையில் இறங்கலாம். அங்கு ராணுவ இடங்களும், நன்மங்கலத்தில் காப்புக் காடும் உள்ளமையின், வேலிக்குள் பெட்டி வைத்தல் கூடாது. பொதுவழியோரத்தில், உரியவரிடம் கேட்டு வைக்க. மழைக்காலம் கழிந்த தை மாதம் ஏற்றது. அதற்குள் நூலகத்தார் பதிவேட்டைத் திறந்து வைப்பரேல், பெயரெழுத நாம் முதலில் வருவோம்.