வேலியோரச் செடிக்கு வீட்டில் ஓர் இடம்

பூச்செடி வாங்க நர்சரிக்குப் போனால் பெரும்பாலும் கையில் வருவது காகிதப்பூ, அடினியம், செம்பருத்தி. மூன்றும் அழகுதான். ஆனால், காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அடினியம் ஆப்பிரிக்க, அரேபிய வறண்ட நிலங்களுக்கு உரியது. மலேசியாவின் தேசிய மலரான செம்பருத்திகூட இங்குள்ள காடுகளில் தானாக முளைத்ததல்ல.

இந்த மண்ணிலேயே பிறந்த புதர்ச்செடிகளையோ ‘காட்டுச்செடி’ என்று ஒதுக்கிவிட்டோம். காலி நிலங்களில் கட்டடங்கள் எழும்போது முதலில் அழிவதும் இவைதான். அவற்றின் பழத்தை நம்பியிருக்கும் பறவைகளுக்கும் அதோடு தீனி போய்விடும். நம் வீட்டு வாசலில் ஒரு செடி வைத்தாலும் அவற்றுக்கு உதவியே. இந்த வாரம் மூன்று செடிகளைப் பார்ப்போம்.

செண்டுடுக்

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது பழகிய செடி. பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். இதன் தாவரவியல் பெயரான மெலாஸ்டோமா என்பதற்கே கிரேக்க மொழியில் ‘கறுப்பு வாய்’ என்றுதான் பொருள். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ ஒரே நாளில் உதிர்ந்தாலும் அடுத்தடுத்து மொட்டுகள் விரிந்துகொண்டே இருக்கும். பழுத்ததும் பூக்கொத்திக் குருவிகள் தேடி வரும். சத்தில்லாத, அமிலத்தன்மையுள்ள மண்ணே இதற்குப் போதும், சுண்ணாம்பு போடாதீர்கள். பூத்து முடிந்ததும் கிளைகளைக் கத்தரித்தால் அடர்த்தியாக வளரும்.

கெமுந்திங்

கிழக்குக் கரை மணலில் தானாக வளரும் செடி. நீலகிரியில் இதன் கனியைத் தவிட்டுப்பழம் என்பார்கள். ரோஜா நிறத்தில் மலரும் பூ நாளாக ஆக வெளுக்கும். அதனால் ஒரே செடியில் பல நிறங்களைப் பார்க்கலாம். கருஊதாவாகக் கனிந்த பழம் இனிக்கும். மெதுவாக வளர்வதால் பெரிய தொட்டியிலும் வைக்கலாம். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் அவசியம்.

சிம்போ ஆயர்

பெரிய மஞ்சள் பூ, அகன்ற இலை. தெம்பே பொதிய இந்த இலையைப் பயன்படுத்துவதுண்டு. காய் வெடித்தால் சிவப்பு நட்சத்திரம்போல் விரியும். விதைகளைப் பறவைகள் கொத்தித் தின்னும். ஆனால் ஆளுயரத்தைத் தாண்டிப் பரந்து வளரும். மூலை வீட்டுக்காரர்களுக்குச் சரி. சிறிய வரிசை வீட்டுக்கு வேண்டாம்.

வாங்குமுன்...

* முதலில் வெயிலைக் கவனியுங்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரமாவது நேரடி வெயில் விழாத இடத்தில் செண்டுடுக்கும் கெமுந்திங்கும் சரியாகப் பூக்காது.

* பூங்காவிலிருந்தோ வனக்காப்பகத்திலிருந்தோ செடியைப் பிடுங்கி வராதீர்கள், அது குற்றம். உள்நாட்டுச் செடி விற்கும் நர்சரியில் கேளுங்கள். தெரிந்தவர் வீட்டில் இருந்தால் கிளை வெட்டியும் நடலாம்.

* செண்டுடுக் போலவே தோன்றும் இன்னொரு செடி உண்டு. இலையெல்லாம் சொரசொரவென்று முடி, சிறிய வெள்ளைப் பூ. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து பரவும் களை அது. அதை வளர்க்க வேண்டாம். அடையாளம் உறுதியாகத் தெரியாத எந்தப் பழத்தையும் பிள்ளைகள் தின்ன விடாதீர்கள்.

* சிங்கப்பூரில் வீவக நடைபாதையில் தொட்டி வைத்தால், 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்கட்டும்.

* தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அன்றாடம் கொட்டிவிடுங்கள்.

இடமும் நேரமும் குறைவென்றால் ஒரு கெமுந்திங் தொட்டியோடு தொடங்குங்கள். முதல் பழம் கனியும்போது அதைப் பறிக்க உங்களுக்கு முன்பே ஒரு குருவி வந்திருந்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள்!