பனிக்காலத்தில் விடுதிப் பூந்தோட்டங்கள்

நுவரெலியா நகரின் விடுதிகள், வங்கிகள், கடைத்தொகுதிகள் ஆகியவற்றின் முன்றில்களில் உள்ள பூந்தோட்டங்கள் வெறும் அலங்காரமல்ல. சித்திரை மாதத்தில் மலைநாட்டை நாடி வரும் உல்லாசப் பிரயாணிகளை முதலில் வரவேற்பவை அவையே. ஆயினும், தோட்டச் சொந்தக்காரர் சிலர் பங்குனி பிறந்த பின்னரே பூக்களைப் பற்றி நினைக்கின்றனர். மார்கழி முடிந்ததும் தோட்டக்காரரை நிறுத்திவிட்டு, பங்குனியில் பூச்சாடிகளை விலைக்கு வாங்கி நிரப்புவதே சிக்கனம் என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணம் சரியானதன்று.

சித்திரையிற் பூக்கும் பருவச் செடிகளுட் பல, விதைத்து ஏறக்குறைய மூன்று மாதங்களின் பின்னரே மலர்வன. ஆகவே, சித்திரையின் பூ தை மாதத்தில் நாற்றுமேடையில் இருக்கின்றது. உறைபனி விழுவதும் அக்காலத்திலேயே. செலவைக் குறைப்பதற்கு இதைவிடப் பொருந்தாத காலம் வேறில்லை.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இந்நகர் அமைந்துள்ளது. தை, மாசி மாதங்களில் முகிலும் காற்றுமற்ற இரவுகளில், பகலில் மண் பெற்ற வெப்பம் தடையின்றி வானத்தை நோக்கி வெளியேறுகின்றது. மனிதன் நிற்கும் உயரத்தில் வெப்பநிலை 3 பாகை செல்சியசாக இருக்கும்போதே, புல்லின் நுனியில் அது பூச்சியத்திற்குக் கீழே இறங்கிவிடலாம். குளிர்ந்த காற்றுப் பாரமானதாகையால், நீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். சரிவின் அடியில் எழுப்பிய மதிலும் அடர்ந்த வேலியும் அக்காற்றை அணைபோல் மறித்து நிறுத்தும். இதனால் ஒரே முன்றிலில் ஒரு பாத்தி கருக, மற்றொன்று பசுமையாய் நிற்கக் காணலாம்.

பாதுகாக்கும் முறைகள் எளியவை. குளிரைத் தாங்காத பிகோனியா, டேலியா முதலியவற்றைப் பள்ளமான பாத்திகளில் நடலாகாது. அங்கே பான்சி போன்ற குளிர் தாங்கும் இனங்களை நடுக. வரண்ட மண்ணிலும் ஈரமண் கூடிய வெப்பத்தைச் சேமிக்குமாதலால், முற்பகலிலேயே நீர் பாய்ச்சுதல் வேண்டும். சூரியன் மறையுமுன் நாற்றுக்களைச் சாக்கினால் மூடி, அதன் ஓரம் நிலத்தைத் தொடுமாறு செய்க. சாக்கு இலைகளிற் படாதிருக்கத் தடிகளை ஊன்றுக. காலையில் வெயில் ஏறியதும் அதனை அகற்றிவிடுக. வைக்கோல் பரப்பினால் குளிர் அணுகாதென்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் வைக்கோல் மண்ணின் வெப்பத்தை மேலெழவிடாது தடுப்பதால், அதற்கு மேலேயுள்ள இலைகள் முன்னிலும் கூடக் குளிர்கின்றன.

உறைபனி படிந்த புற்றரையில் எவரையும் நடக்கவிடலாகாது. மிதித்த இடத்தில் புல் நசிந்து, காலடிகள் பல நாட்களுக்குக் கறையாகத் தெரியும். யூரியா போன்ற நைதரசன் பசளைகளை இக்காலத்தில் இடுவதால் இளந்தளிர்கள் தோன்றிப் பனிக்கு இரையாகும். கருகிய நுனிகளையும் உடனே வெட்டலாகாது. அவை கீழேயுள்ள அரும்புகளுக்கு ஓரளவு மறைப்பாகும். பனிக்காலம் கழிந்தபின் கத்தரித்தலே முறை.

இவை யாவற்றையும் எழுத்தில் அறிவிக்கலாம். ஆனால் ஒரு வளவில் எந்த மூலையிற் பனி முதலில் விழும், எந்த மதிலோரம் காலை வெயில் தாமதித்து வரும், எந்த இரவில் சாக்கை எடுக்க வேண்டும் என்பன அந்த வளவில் ஆண்டுதோறும் வேலை செய்தவருக்கே தெரியும். அவரை நிறுத்தும்போது அவ்வறிவும் அவருடன் படலையைக் கடந்து போய்விடுகின்றது. பங்குனியில் வரும் புதியவர் அதனை முதலிலிருந்து கற்க வேண்டும். அதற்கான விலையைச் செடிகள் செலுத்துகின்றன.

இரண்டு மாதச் சம்பளம் சிறு கடைக்காரருக்குப் பாரமே என்பதை மறுப்பதற்கில்லை. அத்தகையோர் அயலவர் சிலருடன் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். மாலையில் மூடுவதும் காலையில் திறப்பதும் ஒவ்வொரு வளவிலும் சிறிது நேர வேலையே. பெரிய விடுதிகளுக்கோ இந்தச் சமாதானமும் பொருந்தாது. சித்திரையின் வருவாயை விரும்புவோர், அதற்காகத் தை மாதத்து விடியலில் குளிரில் நிற்பவரின் சம்பளத்தை வீண்செலவெனக் கருதலாகாது.