சாரு இன்னும் ரெண்டாவது யூனிட்லதான்

அக்டோபர் பாதி தாண்டிவிட்டது. நவம்பரில் செமஸ்டர். ஐந்து யூனிட்டில் இரண்டாவதே இன்னும் முடியவில்லை. "சாரு கிளாஸ்ல என்னடா பண்றாரு?" என்று கேட்டால் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். "அரசியல் பண்றாருக்கா" என்கிறான் ஒருவன். கிண்டல் இல்லையாம். அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்ததும் ஆரம்பித்தால் பெல் அடிக்கிற வரைக்கும் அதுதானாம்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம், மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, பி.காம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எண்ணூர், கத்திவாக்கம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். வேறு வேறு கல்லூரி. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பிள்ளைகளுக்குத்தான் வம்பு. டியூஷன்காரிக்கு ஒரு சௌகரியம் உண்டு. கல்லூரி வாசலை மிதிக்காமலே, நோட்டைப் புரட்டினால் வகுப்பில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

போன வாரம் ஒரு நோட்டு. டெப்ரிசியேஷன் கணக்கு. கம்பெனி ஒன்று 6,00,000 ரூபாய்க்கு மிஷின் வாங்குகிறது. ஆயுள் 9 வருஷம், கடைசியில் பழைய இரும்புக்கு 60,000 வரும். ஆக வருஷத்துக்கு 60,000 தேய்மானம். முதல் வருஷ என்ட்ரி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக இருக்கிறது. இரண்டாம் வருஷத்துக்குத் தேதி மட்டும். அதற்குக் கீழே, அதே நீல மையில், நாலு கட்டம். கட்டத்துக்கு ஒரு கட்சி, பக்கத்தில் ஓட்டுச் சதவீதம், நடுவே கூட்டல் குறிகள், கடைசியில் 'வெற்றி' என்று எழுதி இரட்டை அடிக்கோடு. கூட்டணிக் கணக்கு! "இன்னாடா இது?" என்றேன். "போர்டுல சாரு போட்டாருக்கா, எழுதிக்கினோம்." போர்டில் எதைப் போட்டாலும் எழுதிக்கொள்கிற நல்ல பிள்ளை. அந்த மிஷின்தான் பாவம், இரண்டாம் வருஷம் தேயவே இல்லை.

அதே வகுப்புக்கு மூன்றாவது பீரியட் வருகிறவர் நேர் எதிர் முகாம். முதல் சார் யாரையெல்லாம் திட்டுகிறாரோ அவர்களையெல்லாம் இவர் கும்பிடுகிறார். அவர் கும்பிடுகிறவர்களை இவர் கிழிக்கிறார். பிள்ளைகள் காலையில் ஒருவருக்குத் தலையாட்டிவிட்டு, பதினோரு மணிக்கு இன்னொருவருக்கும் ஆட்டுகிறார்கள். ரெண்டு பேர் சொல்வதும் எப்படிடா சரியாக இருக்கும் என்று கேட்டால், "இண்டர்னல் போடணுமேக்கா" என்று பதில் வருகிறது.

விஷயமே அந்த இண்டர்னலில்தான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பேப்பருக்கு 100 மார்க் என்றால் 75 செமஸ்டர் தேர்வுக்கு, 25 இண்டர்னலுக்கு. அந்த 25 சார் கையில். தேர்வு எழுத 75 சதவீதம் வருகை வேண்டும். அந்தப் பதிவேடும் சார் கையில். தண்டையார்பேட்டை முனையில் மேடை போட்டு மைக் பிடிக்கிற பேச்சாளர் அறுத்தால் டீக்கடைப் பக்கம் ஒதுங்கலாம், "போதும் எறங்குய்யா" என்று பின்னாலிருந்து குரல் கொடுக்கலாம், ஒன்றுமில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். உள்ளே வந்தவன் எழுந்து போக முடியாத பொதுக்கூட்டம் எனக்குத் தெரிந்து கல்லூரி வகுப்பில் மட்டும்தான் நடக்கிறது. பேச்சாளர்தான் தீர்ப்பும் சொல்லி மார்க்கும் போடுவார்.

அரசியலே ஆகாது என்று முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். இந்தப் பக்கத்தில் பிறந்துவிட்டு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. மறுபடி டிசம்பரில் நடத்தினார்கள். குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 20 ரூபாய் நோட்டுதான் டோக்கன் என்று தெருவெல்லாம் பேச்சு. இன்று என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அப்போது ஐந்தாவதோ ஆறாவதோ. வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு வளர்ந்தவர்கள். இவர்களுக்கு ஓட்டு அரசியலில் அரிச்சுவடி நடத்த வெளியிலிருந்து ஆள் வரத் தேவையில்லை.

வாத்தியார் அரசியல் பேசக்கூடாதா என்று கேட்பவர்களுக்கும் வடசென்னையிலேயே பதில் இருக்கிறது. திரு.வி.க. ராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். நாட்டு நிலைமையைப் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியதும் 1917-இல் அந்த வேலையை விட்டுவிட்டு 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியராகப் போனார். அடுத்த வருஷம், 1918 ஏப்ரல் 27-இல், பெரம்பூர் பி அண்ட் சி மில் ஆட்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். அவர் பேச்சைக் கேட்க வந்தது மில் வேலை முடிந்து அலுத்துப்போன ஆட்கள். பிடித்தால் நின்றார்கள், பிடிக்காதவன் நடையைக் கட்டியிருப்பான். அதற்காக யாரும் அவன் அசைன்மென்டில் கை வைத்திருக்க முடியாது. எல்லா சாரும் திரு.வி.க. மாதிரி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யுஜிசி சம்பளத்தை யார் விடுவார்கள்? பேசுகிற ஆசை இருந்தால் சாயங்காலம் பேசட்டும் என்கிறேன். அரசு ஊழியராக இருந்தால் அதற்கே 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகள் குறுக்கே நிற்கும். விசித்திரம் பாருங்கள், விதிக்குப் பயந்து மேடை ஏறாதவர்தான் வகுப்பில் மேடை போடுகிறார்.

மேனேஜ்மென்ட் பேப்பரில் அதிகாரவர்க்கக் கோட்பாட்டுக்காக வருவாரே மாக்ஸ் வெபர், அவரும் அதே 1917-இல், நவம்பரில், மியூனிக் நகரத்தில் மாணவர்களிடம் இதைப் பேசியிருக்கிறார். தெருவுக்குப் போய்ப் பேசு, அங்கே எதிர்த்துப் பேச ஆள் இருக்கும். படிப்புக்காக வந்து வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியவன் முன்னால் உன் கட்சியை விற்காதே என்பதுதான் சாரம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் பிள்ளைகள் அவர் பெயரை இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அரசியல் பேசுகிற சாருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் அரசியல் தெரியாது. பெரியகுப்பத்துப் பையன் ஒருவன் என்னிடம் வருகிறான். 2023 டிசம்பர் 26 ராத்திரி, உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து ஊரே மூச்சு முட்டி ஓடியதே, அந்த ராத்திரி தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவன். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்து, இவன் சித்தப்பா மாதிரி மீனவர்கள் மக்கிலும் பக்கெட்டிலும் மொண்டு மொண்டு எடுத்தார்கள். ஒரு நாள் சார் தொழில் வளர்ச்சி, தேசம், முதலீடு என்று முழங்கியபோது இவன் எழுந்து, "எங்க ஊர்ல கேஸ் லீக் ஆச்சே சார்" என்று இழுத்திருக்கிறான். "அது லோக்கல் மேட்டர்ப்பா, உக்காரு" என்று பதில். டில்லி வரைக்கும் போகிற பேச்சு, எர்ணாவூர் பாலத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

இத்தனைக்கும் அது பாடத்திலேயே இருக்கிற விஷயம். நாளைக்கு ஒரு தொழிற்சாலை மாசுக்காக இழப்பீடு கட்ட வேண்டி வரலாம், வராமலும் போகலாம் என்றால் அதைப் பேலன்ஸ் ஷீட்டில் எங்கே காட்டுவது? கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. அந்தப் பையன் எழுப்பிய கேள்வியை வைத்தே அரை மணி நேரத்தில் நடத்தி முடித்திருக்கலாம். சாகிற வரைக்கும் மறந்திருக்க மாட்டான். பணமதிப்பிழப்பும் அப்படித்தான். 2016 நவம்பர் 8 ராத்திரி அறிவித்தார்கள். காசிமேட்டில் ஏலம் எல்லாம் ரொக்கம். மறுநாள் விடியற்காலை போட்டிலிருந்து இறங்கிய மீனை எந்த நோட்டுக்கு வாங்குவது? டீசல் போட்டவனுக்கு, ஐஸ் கொடுத்தவனுக்கு என்ன பதில் சொல்வது? கூடை வியாபாரி அம்மாவின் பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே பேங்கிங் பேப்பரில் ஒரு யூனிட் நடந்துவிடும். அரசியல் அதற்குள் தானாக வரும், வரட்டும். ஒரு சார் 'மகா துணிச்சல்' என்றார், இன்னொரு சார் 'மகா கொள்ளை' என்றார். இரண்டு பேரும் காசிமேட்டைக் கேட்கவில்லை.

படிக்கிற இடத்தில் கைக்கு அடங்கிய கூட்டம் கிடைத்தால் யாருக்கும் நாக்கு ஊறத்தான் செய்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் மகாவிஷ்ணு என்கிற பேச்சாளர் முன்ஜென்மப் பாவத்தால்தான் இந்தப் பிறவியில் குறை என்கிற மாதிரி பேசினார். அங்கேயே எழுந்து நின்று கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர். அவர் ஆசிரியர் என்பதால் கேட்டார், பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 2025 ஏப்ரலில் மதுரைப் பொறியியல் கல்லூரி விழாவில் ஆளுநர் ரவி மாணவர்களை 'ஜெய் ஸ்ரீராம்' சொல்லச் சொன்னார். மந்திரி வருகிற விழாவுக்குக் கூட்டம் காட்டக் கல்லூரிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றுவதோ எந்த ஆட்சியிலும் நின்றபாடில்லை. கொடி மாறும், பஸ் அதே பஸ்.

சரி, தடை போட்டுவிடலாமா? அதற்கும் எனக்கு பயம். 2015-இல் ஐஐடி மெட்ராஸில் பெயர் போடாத ஒரு புகாரை வைத்து அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நிறுத்தினார்கள், பிறகு எதிர்ப்பு வந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். அது மாணவர்கள் தாங்களாகக் கூடிப் பேசிய இடம். சுற்றறிக்கை என்று ஒன்று வந்தால் முதலில் மூடுவது பிள்ளைகளின் வாயைத்தான். சார் வாய் சாவகாசமாகக் கடைசியில் மூடும்.

யாரிடம் போய்ச் சொல்வது? அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு மீன் எடுக்கப் போகிறாள். அப்பா கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை; ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளை, அங்கே சார் என்றால் கடவுள். பிரின்ஸ்பாலிடம் சொன்னால் "அவரு சங்கத்துல பெரிய ஆளும்மா" என்கிறார். எதிர் சாரைப் பற்றிச் சொன்னால் "அவருக்கு மேலிடத்துல ஆள் இருக்கு." பையன்கள் பாதிப் பேர் ராத்திரி டெலிவரி ஓட்டிவிட்டு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே நெளிந்து எட்டரை மணி ஷிஃப்டுக்குப் போய்ச் சேர்கிறார்கள். பத்து நிமிஷம் தாமதம் என்றால் ஆப்சென்ட். உள்ளே போனால் ஐம்பது நிமிஷம் அரசியல். அதில் ஒரு நிமிஷம்கூட சாருக்கு ஆப்சென்ட் விழுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால் போர்ஷனை முடித்துக் கொடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். மே மாதம் சம்பளம் கிடையாது, அடுத்த வருஷம் வேலை உண்டா என்றும் நிச்சயமில்லை. பேசத்தான் காரணம் இருக்கிறது என்றால் அவர்களுக்குத்தான் அதிகம். பேசுவதில்லை. ஹயர் பர்ச்சேஸ் முழுக்க ஒரு மேடம் நடத்தியிருக்கிறார். நோட்டில் ஒரு வரி விட்டுப்போகவில்லை.

இந்த மாசம் அசைன்மென்ட்: பணமதிப்பிழப்பின் நன்மை தீமைகள். கத்திவாக்கத்துப் பெண் ஒருத்தி பேனாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "அக்கா, சாருக்குப் பிடிச்ச மாதிரி எழுதவா, ஆன்சர் எழுதவா?" என்றாள்.

"ரெண்டு பக்கமும் எழுதும்மா. அதுதானே கேள்வி" என்றேன்.

"மார்க்கு கொறைஞ்சா நீங்க போடுவீங்களா?"

தீமை ஏழு, நன்மை ஒன்று என்று எழுதிக்கொண்டு போனாள். அந்த ஒன்றையும் பென்சிலில் எழுதினாள், தேவைப்பட்டால் அழித்துக்கொள்ளலாமாம். ஐந்துக்கு ஐந்து வந்திருக்கிறது. மூன்றாவது பீரியட் சாரும் இதே தலைப்பில் ஒன்று கேட்டிருக்கிறாராம், அதற்கு இப்போது தலைகீழாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.